செக்கர்ஸ் புரோகிராமுக்கு ஓப்பனிங் புக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்துக்கு மாலையில் வரும் கல்லூரிப் பிள்ளைகளில் சிலர் சொந்தமாகச் செக்கர்ஸ் புரோகிராம் எழுதுகிறார்கள். வியாசர்பாடி, ராயபுரம், கொருக்குப்பேட்டையில் இருந்தும் வருகிறார்கள். பலகை, காய், வெட்டு, தேடல் (அடுத்தடுத்து வரக்கூடிய நகர்த்தல்களை முன்கூட்டியே ஆராய்வது) எல்லாவற்றையும் தாங்களே எழுதி முடித்துவிடுகிறார்கள். ஓப்பனிங் புக் என்ற இடத்தில்தான் எல்லோரும் நிற்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

இங்கே பேசுவது 8க்கு 8 பலகை ஆட்டம். ஆளுக்கு 12 காய், கருப்பு முதலில் நகரும், சாதாரணக் காய் பின்னால் வெட்டாது, ராஜா (எதிர்ப்பக்கக் கடைசி வரிசையை எட்டிய காய்) ஒரு கட்டம்தான் நகரும், வெட்டு கட்டாயம். ஆடும் 32 கட்டங்களுக்கும் 1 முதல் 32 வரை எண் உண்டு. 9-13 என்றால் 9ஆம் கட்டத்துக் காய் 13க்குப் போகிறது. வெட்டை 14x23 என்று எழுதுவோம்.

அண்ணா, புக் என்றால் உள்ளே என்னதான் இருக்கும்?

ஆட்டத்தின் தொடக்கப் பகுதிக்கான ஒரு கோப்பு, அவ்வளவுதான். காய்கள் இப்படி நின்று இன்னார் ஆட வேண்டிய முறை என்றால் இதை ஆடு, அதன் மதிப்பு (யாருக்கு எவ்வளவு சாதகம் என்ற எண்) இவ்வளவு என்று வரிவரியாக இருக்கும். புரோகிராம் தன் முறை வந்ததும் முதலில் இந்தக் கோப்பைப் பார்க்கும். நிலை அதில் இருந்தால் உடனே ஆடும், இல்லாவிட்டால் தானே தேடத் தொடங்கும்.

என் புரோகிராம் நல்ல ஆழம் தேடுதே, அதுக்கு எதுக்குப் புக்?

செக்கர்ஸில் தப்பு செய்த இடமும் அதன் விலை தெரியும் இடமும் வெகு தூரத்தில் இருக்கும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஷேஃபர் குழு 1989ல் தொடங்கிய புரோகிராம் சினூக். 1990ல் அது உலக சாம்பியன் மரியன் டின்ஸ்லியோடு ஆடிய ஓர் ஆட்டத்தில் தன் 10வது நகர்த்தலைச் செய்ததும், இதற்காக வருந்தப் போகிறாய் என்று டின்ஸ்லி சொல்லிவிட்டார். 36வது நகர்த்தலில் சினூக் தோல்வியை ஒப்புக்கொண்டது. இடையில் இருந்த அத்தனை நகர்த்தலையும் எந்தக் கணினியும் 10வது நகர்த்தலில் நின்றுகொண்டு தேடி முடிக்க முடியாது. ஆட்டம் நடக்கும்போது கிடைக்கும் சில நொடிகளில் செய்ய முடியாத தேடலை, முந்திய ராத்திரிகளில் நிதானமாகச் செய்து எடுத்து வைத்துக்கொள்வதுதான் புக்.

கடிகாரம் இன்னொரு காரணம். தொடக்கத்தில் மிச்சமாகும் நிமிடங்கள் நடு ஆட்டத்தில் காய்கள் முட்டிக்கொண்டு நிற்கும்போது கை கொடுக்கும்.

பெரிய போட்டிகளில் முதல் மூன்று நகர்த்தலைச் சீட்டுப் போட்டு எடுக்கிறார்களாமே? அப்போது புக் வீண்தானே?

அப்போதுதான் புக் இன்னும் அவசியம்.

வல்லவர்கள் இருவர் தங்களுக்குப் பிடித்த தொடக்கத்தையே ஆடினால் டிராவுக்கு மேல் டிராவாக விழும். அதனால்தான் அமெரிக்காவில் 1934 முதல் மூன்று நகர்த்தல் கட்டுப்பாடு வந்தது. முதல் மூன்று நகர்த்தல்கள் சீட்டில் வரும். இருவரும் அதே தொடக்கத்தைப் பக்கம் மாற்றி ஒவ்வொரு முறை ஆடுவார்கள். அப்படிச் சீட்டில் வருபவற்றில் சில ஒரு பக்கத்துக்கு ரொம்பக் கஷ்டமானவை, தானாக யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். அங்கே தோற்காமல் தப்பிக்கப் பல சமயம் ஒரே ஒரு வழிதான் இருக்கும். அந்த ஒற்றை வழியைத் தேடலுக்கு விட்டுவிடக் கூடாது. பிடித்த தொடக்கத்துக்கு மட்டும் புக் எழுதி வைத்த புரோகிராம் சீட்டுப் போட்டியில் நிராயுதபாணி.

உடனே காய் போகும் தொடக்கங்களைச் சீட்டில் சேர்ப்பதில்லை. 9-14 என்று கருப்பு தொடங்க, வெள்ளை 21-17 ஆடினால் 14x21 என்று ஒரு காய் சும்மா போய்விடும். ஓரத்தில் போய் நிற்கும் அந்தக் காயைத் திருப்பி வெட்டவும் முடியாது. 10-14 21-17 கதையும் அதேதான்.

பழைய ஆட்டப் புத்தகங்களில் இருக்கும் வரிசைகளை அப்படியே டைப் செய்து போட்டால் போதாதா?

இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: சோதிக்காத ஒரு வரியைக்கூடப் புக்கில் சேர்க்காதீர்கள்.

அச்சில் வந்த ஆட்டங்கள் பெரும் செல்வம். தலைமுறை தலைமுறையாக வல்லவர்கள் ஆராய்ந்து வைத்தவை. ஆனால் அவற்றில் தவறுகளும் கலந்தே வருகின்றன. வெள்ளைக்கு வெற்றி என்று எழுதிய இடத்தில் டிரா இருக்கும், டிரா என்று எழுதிய இடத்தில் தோல்வி ஒளிந்திருக்கும். மனிதர் பலகையில் அமர்ந்து யோசித்தபடி ஆடினால் அந்த இடம் வரும்போது சந்தேகப்பட வாய்ப்பு உண்டு. புரோகிராம் சந்தேகப்படாது, புக்கில் இருப்பதை நொடியில் ஆடிவிடும். அதனால் தப்பான புக், புக்கே இல்லாததைவிட மோசம்.

சினூக் குழு ஆரம்பத்தில் இதற்கு எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. என்ன ஆட வேண்டும் என்று நீளமாகச் சொல்லிக் கொடுப்பதற்குப் பதிலாக, எதை ஆடக் கூடாது என்ற பட்டியலை வைத்தார்கள். தோல்வி என்று தெரிந்த நகர்த்தல்கள் மட்டும் அதில் இருந்தன. மற்ற இடங்களில் புரோகிராமே யோசித்து ஆடும். அதனால் எதிராளி மனப்பாடம் செய்து வந்த பாதையை விட்டு ஆட்டம் சீக்கிரமே விலகிவிடும். புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு இதைவிடச் சிறந்த முதல் படி இல்லை. உங்கள் புரோகிராம் தோற்ற ஆட்டங்களைப் பின்னால் இருந்து அலசி, எந்த நகர்த்தலில் ஆட்டம் கைநழுவியது என்று கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் தடைப் பட்டியலில் போடுங்கள். சில நூறு வரிகளிலேயே பலன் தெரியும்.

பிறகு சினூக்கும் பெரிய புக்குக்கு வந்தது. பிரிட்டனின் மார்ட்டின் பிரையன்ட் எழுதிய கொலோசஸ் என்ற புரோகிராமின் புக்கை, தங்கள் எண்ட்கேம் டேட்டாபேஸை (சில காய்களே மிஞ்சிய நிலைகளுக்கு வெற்றியா, தோல்வியா, டிராவா என்று கணக்கிட்டு வைத்த தொகுப்பு) கொடுத்து மாற்றாக வாங்கிக்கொண்டார்கள். இரண்டுமே வருடக்கணக்கான உழைப்பு.

சரி அண்ணா, சொந்தப் புக் எப்படிக் கட்டுவது?

முதலில் உங்கள் நகர்த்தல் பட்டியல் சரியா என்று உறுதி செய்யுங்கள். தொடக்க நிலையில் இருந்து ஒரு நகர்த்தலுக்கு 7 வழி, இரண்டுக்கு 49, மூன்றுக்கு 302, நான்குக்கு 1469, ஐந்துக்கு 7361, ஆறுக்கு 36768 வர வேண்டும். இதில் ஓர் எண் மாறினாலும் வெட்டு விதியில் எங்கோ பிழை இருக்கிறது. அதைத் திருத்தாமல் புக் கட்டினால் அத்தனை ராத்திரி வேலையும் குப்பை.

அடுத்தது, எந்த நிலையை விரிப்பது என்ற கேள்வி. எல்லாவற்றையும் ஒரே ஆழத்துக்கு விரித்தால் யாரும் ஆடாத மட்டமான நகர்த்தல்களுக்கே முக்கால்வாசி நேரம் போகும். நல்ல வழிகளை மட்டும் விரித்தால் எதிராளி சற்றே விலகியதும் புக் தீர்ந்துவிடும். சூரிச்சில் தாமஸ் லிங்கே ஆராய்ந்து எழுதிய 'டிராப் அவுட்' விரிவாக்கம் இந்த இரண்டுக்கும் நடுவில் அழகாகப் போகிறது. கேக் என்ற வலுவான செக்கர்ஸ் புரோகிராமை எழுதிய மார்ட்டின் ஃபியர்ஸ் தன் புக்கை இந்த வழியில்தான் வளர்த்தார்.

செய்முறை இதுதான். புக் ஒரு மரம். அதன் நுனிகளில் நிற்கும் ஒவ்வொரு நிலைக்கும் புரோகிராம் தேடிக் கண்ட மதிப்பு இருக்கும். அடுத்து எந்த நுனியை விரிப்பது என்று தீர்மானிக்க ஒவ்வொரு நுனிக்கும் ஒரு செலவு கணக்கிடுவோம். அந்த நுனிக்குப் போகும் பாதையில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 1 செலவு. அது தவிர, அந்த இடத்தின் சிறந்த நகர்த்தலைவிட எடுத்த நகர்த்தல் எவ்வளவு மட்டமோ அதற்கும் செலவு உண்டு.

ஒரு காய் 100 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிலையில் மூன்று நகர்த்தல்கள், மதிப்பு 4, 0, கழித்தல் 25. முதலாவதுக்கு இறக்கம் இல்லை, இரண்டாவதுக்கு 4 புள்ளி, மூன்றாவதுக்கு 29 புள்ளி. 5 புள்ளி இறக்கத்துக்கு 1 செலவு என்று விதி வைத்தால் மூன்றின் செலவும் முறையே 1, 1.8, 6.8 ஆகும். செலவு குறைந்த நுனிதான் முதலில் விரியும். அதனால் முதல் இரண்டும் சேர்ந்தே வளரும். மூன்றாவதின் முறை, முதலாவது ஏழெட்டு நகர்த்தல் ஆழம் போன பிறகுதான் வரும். தாமதமானாலும் வராமல் போகாது.

நுனியை விரிக்கும்போது அங்கிருந்து போகக்கூடிய எல்லா நகர்த்தலுக்கும் தேடி மதிப்பு வாங்குங்கள். பிறகு அந்த மதிப்புகளை மரத்தில் பின்னோக்கி வேர் வரை ஏற்றுங்கள். கருப்பின் முறையில் கருப்புக்கு மிக நல்லதும், வெள்ளையின் முறையில் வெள்ளைக்கு மிக நல்லதும் மேலே ஏறும். இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேற்று வரை சிறந்தது என்று நின்ற நகர்த்தல், ஆழமாகப் போனதும் ஓட்டை என்று தெரிந்தால், அதன் மதிப்பு இறங்கும். இறங்கியதும் பக்கத்து நகர்த்தலின் இறக்கம் தானாகக் குறைந்து அதன் முறை முன்னால் வந்துவிடும். நாம் உட்கார்ந்து எதையும் திருத்த வேண்டியதில்லை. வரிகள் ஒன்றையொன்று சோதித்துக்கொள்கின்றன.

ஒரு எச்சரிக்கை. செக்கர்ஸில் டிரா அதிகம். பல நகர்த்தல்கள் சரியாக 0 என்றே வந்து நின்றால் எதற்கும் இறக்கம் இல்லாமல் மரம் அகலமாகப் பரவிக்கொண்டே போகும். எண்ட்கேம் டேட்டாபேஸ் டிரா என்று உறுதியாகச் சொன்ன நுனியை அங்கேயே மூடிவிடுங்கள். அதற்குமேல் அங்கே தேட எதுவும் இல்லை.

ஒரு ராத்திரிக்கு எவ்வளவு புக் வளரும்? பழைய லேப்டாப் தாங்குமா?

நிலைக்கு 10 நொடி கொடுத்தால் 8 மணி நேரத்தில் 2880 நிலை. ஒரு கோர் (கணினிச் சில்லில் தனியாகக் கணக்கிடும் ஒரு பகுதி) மட்டும் ஓடினால் இந்தக் கணக்கு. நான்கு கோர் இருந்தால் நான்கு நுனிகளைத் தனித்தனியாகக் கொடுக்கலாம். ரிச்சி தெருவில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பே போதும், வேகத்தைவிடப் பொறுமைதான் இதில் வேலை செய்யும். ஆனால் கோடையில் மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள். சூட்டில் வேகம் பாதியாகக் குறையும், பேட்டரியும் கெடும்.

கரண்ட் போவதற்கும் தயாராக எழுதுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் மதிப்பு வந்தவுடன் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். மரத்தைக் காலையில் அந்த வரிகளில் இருந்து திரும்பக் கட்டிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் மெமரியில் வைத்து விடியற்காலையில் ஒரே தடவை சேமிக்க நினைத்தால் ஒரு மின்வெட்டு போதும்.

வரிசையாகச் சேமிப்பதா, நிலையாகச் சேமிப்பதா?

நிலையாக. இதில் இரண்டாவது பேச்சே வேண்டாம். செக்கர்ஸில் வெவ்வேறு வரிசையில் ஆடி ஒரே நிலைக்கு வந்து சேர்வது மிகச் சாதாரணம். வரிசையாகச் சேமித்தால் எதிராளி இரண்டு நகர்த்தலை முன்பின் மாற்றி ஆடியதுமே புரோகிராம் புக்கைத் தொலைத்துவிடும்.

ஆடும் கட்டங்கள் 32தான் என்பதால் கருப்புக் காய்கள், வெள்ளைக் காய்கள், ராஜாக்கள் என்று மூன்று 32 பிட் எண்களில் முழுப் பலகையும் அடங்கும். அது 12 பைட். மதிப்பு, நகர்த்தல் எல்லாம் சேர்த்து 16 பைட் என்று வைத்தால் 10 லட்சம் நிலைக்கும் 16 மெகாபைட்தான். மொபைல் ஆப்பில்கூடப் போடலாம்.

பலகையை 180 டிகிரி சுற்றி நிறங்களையும் மாற்றினால் ஆட்டம் மாறாது. ஆகவே எப்போதும் கருப்பின் முறை என்று வரும்படி நிலையைத் திருப்பிச் சேமித்தால் ஒரே தகவலை இரண்டு தடவை வைக்க வேண்டியிருக்காது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மட்டும் மாற்றும் வேலை இங்கே ஆகாது. ஆடும் கட்டங்கள் ஆடாத கட்டங்கள் மேல் போய் விழும்.

புக் முடிந்த அடுத்த நகர்த்தலிலேயே என் புரோகிராம் சொதப்புகிறது. ஏன்?

பெரும்பாலும் வேறொருவரின் புக்கைப் போட்டவர்கள் கேட்கும் கேள்வி இது. கேரம் போர்டில் பிரேக் ஷாட் மட்டும் சாம்பியனிடம் கற்றுக்கொண்டு வந்தவருக்கு, காய்கள் சிதறிய பிறகு எதை அடிப்பது என்று தெரியாமல் நிற்பதுபோல்தான். புக் எழுதிய புரோகிராமுக்கு அந்த நிலை புரிந்திருந்தது. உங்களுடையதன் மதிப்பீட்டுக்கு அது புரியவில்லை. ஒரு காயைக் கொடுத்து இடத்தைப் பிடிக்கும் திட்டத்தின் நடுவில் புக் தீர்ந்துபோனால், உங்கள் புரோகிராம் காய் குறைகிறதே என்று அந்தத் திட்டத்தையே கலைக்கப் பார்க்கும்.

இதற்கு மருந்து, புக்கின் ஒவ்வொரு நுனியையும் உங்கள் புரோகிராமையே கொண்டு தேடி மதிப்பிடுவதுதான். அது மோசம் என்று நினைக்கும் நிலையில் கொண்டுபோய் இறக்கிவிடாதீர்கள். வெட்டுப் பரிமாற்றத்தின் நடுவிலும் புக்கை நிறுத்தாதீர்கள், காய்கள் அமைதியான பிறகு நிறுத்துங்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒரே ஆட்டத்தை ஆடுகிறதே?

சிறந்த மதிப்புக்கு 3 அல்லது 4 புள்ளிக்குள் இருக்கும் நகர்த்தல்களில் ஒன்றைக் குலுக்கலில் எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒரே வழி உள்ள நெருக்கடியான தொடக்கங்களில் குலுக்கல் கூடாது. எல்லாமே டிரா என்றால், எதிராளிக்குத் தவறு செய்ய அதிக இடம் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது என் பழக்கம். மனிதரோடு ஆடும்போது அதன் அருமை தெரியும்.

2007லேயே செக்கர்ஸுக்கு விடை கண்டுபிடித்துவிட்டார்களே. இனி யாருக்கு வேண்டும் புக்?

அந்த வருடம் ஷேஃபர் குழு நிறுவியது, இரு பக்கமும் பிசகாமல் ஆடினால் ஆட்டம் டிரா என்பதை. மொத்தம் ஏறத்தாழ 5க்குப் பின்னால் 20 சுழியம் போட்ட அளவு நிலைகள் உள்ள ஆட்டம் இது. பலகையில் 10 காய் அல்லது அதற்குக் குறைவாக உள்ள அத்தனை நிலைக்கும், அதாவது 39 லட்சம் கோடி நிலைக்கு, விடை கணக்கிட்டு வைத்துக்கொண்டு, மறுமுனையில் தொடக்கத்தில் இருந்து தேடி இரண்டையும் இணைத்தார்கள். ஒரு காலத்தில் 200 கணினிகள் வரை ஓடின.

நிறுவப்பட்டது என்ன என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். சுமார் 300 மூன்று நகர்த்தல் தொடக்கங்களில் 19ஐ ஆராய்ந்தாலே இந்த முடிவுக்குப் போதுமானதாக இருந்தது. கருப்பு தோற்காது என்று காட்ட 9-13 என்ற ஒரு தொடக்கம் போதும். மற்ற ஆறு முதல் நகர்த்தல்களிலும் வெள்ளை தோற்காது என்று காட்டினால் போதும். உதாரணமாக 9-14 ஆடினால் வெள்ளை 23-18 என்று உடனே வெட்டுக்கு இழுக்கும், 14x23 கட்டாயம், வெள்ளை திருப்பி வெட்டும். இப்படி வெட்டில் இறங்கிவிட்டால் மரம் சிறுத்துவிடும். மீதியுள்ள நூற்றுக்கணக்கான தொடக்கங்களைத் தொட வேண்டிய தேவையே அந்த நிரூபணத்துக்கு வரவில்லை. சீட்டில் வரும் தொடக்கமோ அந்த மீதியில்தான் பெரும்பாலும் இருக்கும். ஆக, வேலை நிறையவே பாக்கி இருக்கிறது.

வேறொருவர் கட்டிய புக்கை எடுத்துப் போடலாமா?

அவர் அனுமதித்திருந்தால் போடலாம், அவர் பெயரையும் சொல்ல வேண்டும். உங்கள் தேடலும் மதிப்பீடும் முன்னேறியதா என்று சோதிக்கும்போது மட்டும் புக்கை மூடிவிடுங்கள். இரு புரோகிராமையும் எல்லா மூன்று நகர்த்தல் தொடக்கத்திலும் பக்கம் மாற்றி ஆட விடுவதுதான் நேர்மையான சோதனை.

காசிமேட்டில் தாத்தாக்கள் ஆடும் ஆட்டத்துக்கும் இந்தப் புக் உதவுமா?

மீன்பிடித் தடைக்காலத்தில் பலகை விரிப்பவர்கள் பலர் இங்கே உண்டு. அவர்கள் சிலரது விதியில் ராஜா எத்தனை கட்டமும் பாயும். வெட்ட வேண்டியதை வெட்டாமல் விட்டால் அந்தக் காயைத் தூக்கிவிடுவார்கள். விதி மாறினால் மதிப்பும் மாறும், இந்தப் புக் அங்கே செல்லாது. ரஷ்ய ஆட்டத்துக்கும், ஆளுக்கு 20 காய் வைத்து 10க்கு 10 பலகையில் ஆடும் ஆட்டத்துக்கும் இதே பதில்தான். ஆனால் புக் கட்டும் முறை அப்படியே பொருந்தும். ஆகவே விதிகளைத் தனிக் கோப்பில் எழுதி, புக் கட்டும் நிரலை அதில் இருந்து பிரித்து வையுங்கள். பிறகு தாத்தாவிடம் அவர் விதிகளைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவர் ஆட்டத்துக்கே ஒரு புக் கட்டத் தொடங்கலாம். அந்த விதிகளுக்கு இதுவரை யாராவது புக் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.